மூக்கு எவ்வளவு திறந்திருக்கிறது? ஒரு சில்வர் தட்டை வைத்துப் பார்க்கலாம்

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் விடாத சாரல். மைதானம் முழுக்கத் தண்ணீர் கிடந்ததால் உடற்கல்வி வகுப்பை வராந்தாவிலேயே வைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "வாயை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா மூச்சு விடுங்க மக்களே" என்று மட்டும் சொன்னேன். நேரம் முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் வாயைத் திறந்துவிட்டார்கள். ஒரு பையன் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வந்த பாட்டியிடம் கேட்டேன். "இவன் சின்னதுலேருந்தே அப்படித்தான் சாரே. எப்பவும் தடுமன். ராத்திரி வாயைப் பொளந்துக்கிட்டுதான் தூங்குவான், கொறட்டை வேற. மூக்குல விடுற மருந்து வாங்கி வச்சிருக்கோம். விட்டா சரியாவும், பொறவு திரும்பவும் அடைக்கும்."

அந்தப் பையனை வகுப்பில் கவனமில்லாதவன் என்று நானும் இரண்டு மூன்று முறை திட்டியிருக்கிறேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. ராத்திரி முழுக்க மூச்சுக்குத் திணறிய பிள்ளை பகலில் எப்படிக் கவனிப்பான்? மூக்கைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறோம், சர்க்கரைக்கு விரலைக் குத்திப் பார்க்கிறோம். மூக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

மூக்கு என்ன வேலை செய்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 10,000 லிட்டருக்கு மேல் வரும். இவ்வளவு காற்றையும் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி பிடித்து நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை.

மூக்குத் துவாரத்துக்கு உள்ளே, பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ரத்தம் நிறைய ஓடும். காற்று அந்த இடுக்குகளில் உரசிக்கொண்டு போகும்போது சூடும் ஈரமும் ஏறுகிறது. பெரிய தூசி முடியிலும் சளியிலும் ஒட்டிக்கொள்கிறது. சளி அங்கேயே நின்றுவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்கிறவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்துகிறவர்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வடிகட்டிதான் முதல் காவல். ஆனால் புகையில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் மூக்கையும் தாண்டிப் போய்விடும். அதனால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று முகக்கவசத்தை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு வேலை 1990-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளில், அதாவது சைனஸ்களில், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உற்பத்தியாகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியவைக்கும் வாயு அது. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டது. மூக்கு வழியாக இழுக்கும்போது இந்த வாயு கொஞ்சம் காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகிறது. வாய் வழியாக இழுத்தால் அந்தப் பங்கு கிடைக்காது. சுவீடன் ஆய்வாளர்கள் 2002-ல் இன்னொன்றையும் அளந்து சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்தால், சாதாரணமாக மூச்சு விடுவதைவிட 15 மடங்கு அளவுக்கு நைட்ரிக் ஆக்சைடு மூக்கிலிருந்து வெளிவருகிறது. இதை வைத்து எல்லா நோயும் தீரும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை. மூக்கு வெறும் குழாய் இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி, அவ்வளவே.

வாய் மாற்றுவழி. ஓடும்போது, மாடி ஏறும்போது, பாரம் தூக்கும்போது காற்றுத் தேவை கூடும். நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலானவர்களுக்கு வாய் தானாகவே திறந்துகொள்ளும். அது இயல்பு. கபடி ஆடுகிற பிள்ளையிடம் போய் வாயை மூடு என்று நான் சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் வாய் திறந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். நாளாக ஆக வாய் காய்ந்து பல் சொத்தையாகும், வாய் நாறும், குறட்டை வரும். வளர்கிற வயதில் இப்படியே போனால் பல்வரிசையும் மேலண்ணமும்கூட வடிவம் மாறலாம்.

அடைப்பு போலத் தோன்றுவதும் அடைப்பும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: மூக்கு திறந்திருப்பதாக நமக்குத் தோன்றுவது வேறு, உண்மையில் காற்று போகும் அளவு வேறு.

காற்று இவ்வளவு போகிறது என்று எண்ணிச் சொல்லும் உறுப்பு மூக்கில் இல்லை. காற்று உரசிப் போகும்போது உள்தோல் கொஞ்சம் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை நரம்பு முனைகள் உணர்கின்றன. குளிர்ந்தால் 'திறந்திருக்கிறது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் காற்று பெரும்பாலும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அது மூக்கை அவ்வளவாகக் குளிர்விக்காது. குலசேகரத்தில் மழைக்கால மத்தியானம் மூக்கு கனத்துக் கிடக்கிறவருக்கு, பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தொட்டு ஜன்னல் வழியாகக் காற்று அறைந்ததும் மூக்கு விட்டதுபோல இருக்கும். உள்ளே இடுக்கின் அளவு அப்படியேகூட இருக்கலாம்.

தைலம் செய்வதும் இதுதான். புதினா உப்பு, அதாவது மென்தால், அந்தக் குளிர் நரம்புகளை நேரடியாகத் தட்டிவிடுகிறது. 'ஜில்' என்று திறந்துகொண்ட மாதிரி இருக்கும். ஆனால் மென்தால் கொடுத்து மூக்கின் காற்றுத் தடையை அளந்து பார்த்த ஆய்வுகளில் தடை குறையவில்லை. தைலம் தேய்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. சளி பிடித்த ராத்திரியில் அந்த ஆறுதலும் வேண்டும்தான். (கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் கைக்குழந்தைகளுக்குப் போடக் கூடாது, யாருக்குமே மூக்குக்கு உள்ளே தடவக் கூடாது.) தைலம் தேய்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்து வருஷக்கணக்கில் பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் இருப்பதுதான் ஆபத்து.

சரி, தோன்றுவதை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? அதற்குத்தான் தட்டு.

தட்டுச் சோதனை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வார்டெமாக்கர் என்ற டச்சு மருத்துவர் குளிர்ந்த கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து, அதில் படியும் ஆவியைப் பார்த்தார். இன்றைக்கும் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் ஸ்டீல் பட்டையை மூக்குக்குக் கீழே நீட்டிப் பார்ப்பதுண்டு. வீட்டில் பளபளப்பான சில்வர் தட்டே போதும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், நானும் அதில் மாட்டிக்கொண்டேன். குளிர வேண்டுமே என்று தட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். எடுத்த உடனே தட்டு முழுக்க வியர்த்துவிட்டது. நம் கடலோரக் காற்றில் அவ்வளவு ஈரம். மூச்சின் ஆவி எது, காற்றின் ஈரம் எது என்றே தெரியவில்லை. அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம். காலையில் கிணற்றுத் தண்ணீரில் அல்லது வாளித் தண்ணீரில் தட்டை ஐந்து நிமிடம் போட்டு வைத்து, எடுத்து நன்றாகத் துடைத்தால் போதும். பளபளப்பான பக்கம் மேலே பார்க்கட்டும். தலையை நிமிர்த்தி, வாயை மூடி, தட்டை மேலுதட்டோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடித்து, ஒரே ஒரு மூச்சு, இயல்பாக விட வேண்டும். ஊதித் தள்ளக் கூடாது. தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மங்கல் திட்டுகள் விழும், வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி. அவை மறைவதற்குள் ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைந்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு இதற்குப் பதிலாகப் பஞ்சு இழை ஒன்றை மூக்குத் துவாரத்துக்கு நேரே பிடித்தால் அது ஆடுவதைப் பார்க்கலாம்.

ஒரு பக்கத் திட்டு பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம். மூக்கின் இரண்டு பக்கமும் முறை வைத்து வேலை செய்கின்றன. ஒரு பக்கம் சதை வீங்கி ஓய்வெடுக்கும், மறுபக்கம் விரிந்து கொடுக்கும்; சில மணி நேரத்தில் மாறிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-ல் இதை விவரித்தார். வலது ஓட்டத்தைச் சூரியகலை என்றும் இடது ஓட்டத்தைச் சந்திரகலை என்றும் பெயர் வைத்துச் சொன்ன சித்தர் மரபு நம்முடையது, அதனால் நமக்கு இது அந்நியமான செய்தி இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப் பக்கம் அடைத்துக்கொள்வதையும் எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளை, ஒரு வாரம் பார்த்து நோட்டில் வரைந்து வையுங்கள். திட்டுகள் மாறி மாறிப் பெரிதானால் இயல்பு. எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் சின்னதாக இருந்தால், இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருக்கலாம். இரண்டு பக்கமும் எந்நேரமும் சின்னதாக இருந்தால் சதை வீக்கம், ஒவ்வாமை, பிள்ளைகளென்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கம் என்று யோசிக்கலாம். நம்மூரில் பொதுவாக 'மூக்குல சதை வளர்ந்திருக்கு' என்று சொல்வதற்குள் இதில் பலதும் அடங்கும், எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மைதானத்துக்காரன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முதலில் தட்டில் ஒரு பதிவு. அப்புறம் மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டம். மூச்சு அடங்கியதும் மறுபடியும் ஒரு பதிவு. ஓடும்போது உடம்பு மூக்கின் ரத்தக் குழாய்களைத் தானாகவே சுருக்கும், சதை வடியும். ஓடிய பிறகு திட்டுகள் நன்றாகப் பெரிதானால் அடைப்பு பெரும்பாலும் வீக்கத்தால் வந்தது. ஓடியும் அப்படியே இருந்தால் எலும்பிலோ குருத்தெலும்பிலோ அடினாய்டிலோ காரணம் இருக்கக்கூடும். இது தோராயமான குறிப்புதான், நோயைத் தீர்மானிக்கும் சோதனை இல்லை. மருத்துவமனைகளிலும் இதே தர்க்கத்தில்தான், வீக்கம் வடியும் மருந்து அடிப்பதற்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள்.

தட்டுக்கு ஒரு குறை உண்டு. அது வெளிவிடும் மூச்சைத்தான் காட்டும். சிலருக்கு உள்ளே இழுக்கும்போது மட்டும் மூக்கின் பக்கச் சுவர் உள்வாங்கி அடைத்துக்கொள்ளும். கன்னத்தை மூக்குக்குப் பக்கத்தில் விரலால் வெளிப்பக்கம் மெதுவாக இழுத்துப் பிடித்து மூச்சு இழுத்துப் பாருங்கள். சட்டென்று நன்றாக இலகுவானால், துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் அந்தக் குறுகலான இடத்தில் சிக்கல் இருக்கலாம். நல்ல மூக்குள்ளவர்களுக்கும் கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஐந்து கேள்வி

பெரியவர்களுக்குக் கேள்வி வடிவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2004-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டது. நோஸ் அளவுகோல் என்பார்கள். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பார்த்து ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும்: மூக்கு கனத்துக் கிடப்பது, மூக்கு அடைப்பது, மூக்கால் மூச்சு விடச் சிரமம், தூக்கம் கெடுவது, உடற்பயிற்சியின்போதோ உழைக்கும்போதோ மூக்கு வழியாகக் காற்று போதாமை. தொந்தரவே இல்லை என்றால் 0, மிகக் கடுமை என்றால் 4. கூட்டி 5-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு என்று வரும். 2, 3, 2, 4, 1 என்று போட்டால் கூட்டுத்தொகை 12, மதிப்பெண் 60. 25 வரை லேசு, 30 முதல் 50 வரை நடுத்தரம், 55 முதல் 75 வரை கடுமை, 80 முதல் மிகக் கடுமை என்று பிரிக்கிறார்கள்.

இது தோன்றுவதை அளக்கிறது. தட்டு ஆவியை அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால் அதுவும் டாக்டருக்குத் தேவையான தகவல்தான்.

மருத்துவமனையில் இன்னும் துல்லியமாக அளக்கலாம். எளிமையானது ஒரு முகமூடியும் பிளாஸ்டிக் குழாயும். வாயை மூடி, ஒரே இழுப்பில் முழு வேகத்தோடு மூக்கால் உறிஞ்ச வேண்டும். குழாய்க்குள் இருக்கும் குறிமுள் நகர்ந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்று காட்டும். மூன்று முறை செய்து அதிகமான எண்ணை எடுத்துக்கொள்வார்கள். ஐரோப்பியப் பெரியவர்களில் சராசரி ஆண்களுக்கு 140-ஐ ஒட்டியும் பெண்களுக்கு 120-ஐ ஒட்டியும் வந்திருக்கிறது. ஆள் உயரம், வயது, நுரையீரல் பலம் எல்லாம் இதில் கலந்துவிடும் என்பதால் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதைவிட, மருந்துக்கு முன் உங்கள் எண் என்ன, பின் என்ன என்று பார்ப்பதுதான் பயன். மூக்கின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் காற்றோட்டத்தையும் சேர்த்து அளக்கும் கருவி ஒன்று, ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியிலிருந்து மூக்கின் அகலத்தை வரைபடமாக்கும் கருவி இன்னொன்று. இவை பெரிய மையங்களில்தான் இருக்கும்.

நுண்மயிர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அழகானது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் துணுக்கை மூக்கின் முன்பகுதியில் வைத்துவிட்டு, நாக்கில் இனிப்புத் தட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். சாதாரணமாக 20 நிமிடத்துக்குள் இனிக்கும். அரை மணிக்கு மேல் ஆனால் துப்புரவு மந்தமாக நடக்கிறது என்று அர்த்தம்.

இணையத்தில் பலர் சொல்கிற 'மூச்சை எத்தனை விநாடி அடக்க முடிகிறது' என்ற சோதனை மூக்கை அளப்பதில்லை. உடம்பு கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு தாங்குகிறது என்பதோடுதான் அதற்குச் சம்பந்தம்.

சொட்டு மருந்தும் உப்புத் தண்ணீரும்

பாட்டி சொன்ன சொட்டு மருந்துக்கு வருகிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் வீங்கிய சதையைச் சில நிமிடங்களில் சுருக்கும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் சதை முன்பைவிட அதிகமாக வீங்க ஆரம்பிக்கும். அதற்காக மறுபடி விடுவோம். "விட்டா சரியாவும், பொறவு அடைக்கும்" என்று அந்தப் பாட்டி சொன்னது இந்தச் சுழலாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் இப்படிப் போகிறவர்கள் டாக்டரிடம் சொல்லி வழி கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது தூசி வேலை செய்கிறவர்களுக்கும் ஒவ்வாமைக்காரர்களுக்கும் நல்ல பலன் தரும். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் நேராக மூக்கில் ஏற்றக் கூடாது. பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, குடிப்பதால் அல்ல. குளம் நிறைந்த மாவட்டத்தில் இருக்கிற நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி.

தூங்கும்போது வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது இப்போது பரவுகிறது. மூக்கு திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாயை அடைப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களிலும் பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு ஆபத்து.

பிள்ளைகளில் எப்போது போக வேண்டும்

மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருக்கும் அடினாய்டு சதை சிறு வயதில் வளர்ந்து, வளரிளம் பருவத்தில் பொதுவாகச் சுருங்கிவிடும். இடைப்பட்ட வருஷங்களில் அது பெரிதாக இருந்தால் பிள்ளை வாயைத் திறந்து தூங்கும், தலையணை எச்சிலில் நனையும், குறட்டை, புரண்டு புரண்டு படுப்பது, சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பது, காது மந்தமாகக் கேட்பது, பகலில் தூங்கி வழிவது அல்லது எரிச்சல்படுவது எல்லாம் சேர்ந்து வரும். இதில் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தாலே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்தில் உள்ள காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ காட்டிவிடலாம். பிள்ளை தூங்குவதை போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நம் வர்ணனையைவிட டாக்டருக்கு அது உதவும்.

தட்டில் ஒரே பக்கம் திட்டே விழவில்லை, அந்தப் பக்கத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது என்றால், சின்னப் பிள்ளை எதையோ மூக்கில் போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். புளியங்கொட்டை, பாசிமணி, கடலைப்பருப்பு எதுவானாலும் வீட்டில் ஊக்காலும் ஈர்க்குச்சியாலும் தோண்டாதீர்கள், உள்ளே போய்விடும். பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அடுத்த பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், ஆட்டோ பிடித்துப் போங்கள். அது சில மணி நேரத்திலேயே உள்தோலைப் பொசுக்கிவிடும்.

அந்தப் பையனின் பாட்டிக்கு நோட்டு ஒன்று கொடுத்து, தட்டில் எப்படி வரைய வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, பக்கம் முழுக்கக் கடுகளவில் சிறு வட்டங்களாக வரைந்து கொண்டுவந்தார். மூன்று வேளையும், இரண்டு பக்கமும், எல்லாம் ஒரே அளவு. அடுத்த திங்கட்கிழமை நோட்டையும் பேரனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்.